சர்க்கரை இருக்கிறதா? கண்புரையையும் கவனியுங்கள்

கண்ணாடி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பஸ் நம்பர் மங்கலாகத் தெரிகிறதா? கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் கண் லென்ஸுக்குள்ளும் புகுந்து, அதில் ஒரு பகுதி சார்பிட்டாலாக மாறும். அது நீரை இழுத்து லென்ஸை உப்ப வைப்பதால் பவர் ஏறி இறங்கும். சர்க்கரை சில வாரம் சீராக நின்ற பிறகு கண்ணாடி வாங்கினால் காசு மிச்சம்.

வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் லென்ஸில் புரை விழும், அதுவும் மற்றவர்களைவிடச் சீக்கிரமே. இரவில் எதிரே வரும் லாரி விளக்கு சிதறிக் கண் கூசினால் அசட்டையாக இருக்காதீர்கள்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஆபரேஷன்தான் வழி. அதற்கு முன் விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரையால் அது பழுதாகியிருந்தால் புது லென்ஸ் வைத்தும் பார்வை முழுதாகத் தெளியாது.

பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அன்று சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். டூவீலரை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.