தன் முகத்தைத் தகட்டில் வரையும் ஓவிய ஆசிரியருக்கு

ஜெர்மன் அச்சோவியர் கேத்தே கோல்விட்ஸ் பெர்லினில் பெண்களுக்கான கலைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். 1919இல் பிரஷ்யக் கலை அகாதெமி அவரைப் பேராசிரியராக்கியது. 1933இல் நாஜி ஆட்சி அவரை அங்கிருந்து வெளியேற்றியது. இளமை முதல் முதுமை வரை தன் முகத்தை எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டு அச்சு), கல்லச்சு, மரச்செதுக்கு என எல்லாவற்றிலும் அவர் பதித்துவந்தார். தன் முகத்தை உள்ளபடி பதிக்க விரும்பும் ஆசிரியருக்கு அந்தத் தாள்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை

கண்ணாடியைப் பார்த்து நேராகத் தகட்டிலேயே வரையுங்கள். கண்ணாடி உங்களை இடவலம் மாற்றிக் காட்டுகிறது; அச்சு அதை மறுபடி மாற்றிவிடுகிறது. தாளில் வருவது நீங்கள் தினமும் பார்க்கும் முகம் அல்ல, மாணவர்கள் பார்க்கும் முகம். முதல் பிரதியில் அது அந்நியமாகத் தெரியும். மூக்கின் சாய்வும் உதட்டின் கோணலும் அப்போதுதான் கண்ணில் படும். பயந்து திருத்திவிடாதீர்கள்.

வெளிச்சம் ஒரே பக்கமிருந்து விழட்டும். 1893இல் கோல்விட்ஸ் மேசையருகே அமர்ந்து செய்த எட்சிங்கைப் பாருங்கள்: இருட்டுதான் அங்கே முகத்தைச் செதுக்குகிறது.

சொல்ல வந்ததற்கேற்ற ஊடகத்தைத் தேர்ந்தெடுங்கள். நுண்கோடுகளுக்குச் செப்புத் தகடு. ஆனால் 1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டரைப் போரில் இழந்த கோல்விட்ஸ், 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்டபின் மரத்துக்கு வந்தார். அந்தத் துயருக்கு இடைச்சாயல்கள் தேவைப்படவில்லை. கறுப்பும் வெள்ளையும் போதுமாயின.

அரைகுறையாக இருக்கும்போதே சோதனைப் பிரதி எடுங்கள். ஒவ்வொன்றையும் தேதியிட்டு வையுங்கள்.

செய்யக்கூடாதவை

வயதை மறைக்காதீர்கள். எழுபதைத் தாண்டியபின் 1938இல் கோல்விட்ஸ் செய்த பக்கத்தோற்றக் கல்லச்சில் தளர்ந்த முகமும் கூனிய தோளும் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்தபின் நெற்றிச் சுருக்கம் ஒன்றைக்கூட அழிக்க எனக்குக் கை வருவதில்லை.

அலங்கரித்துக்கொண்டு உட்காராதீர்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன்னையே வரைந்த எட்சிங்குகளில், 1639இல் செல்வச் சீமான் கோலத்தில் கல்விளிம்பில் சாய்ந்து நின்றார். 1648இல் சாதாரண வேலை உடையில் சன்னலருகே வரைந்துகொண்டிருந்தார். எனக்கு இரண்டாவதுதான் ஆசிரியரின் படம்.

புகைப்படத்தைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். லென்ஸ் ஒரு நொடியைப் பிடிக்கிறது. கண்ணாடி முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தவரின் களைப்பும் கவனமும் அதில் இருக்காது.

தகட்டை அரிக்க அமிலம் கலக்கும்போது அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தை மெல்லச் சேர்க்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், கையுறையும் கண்காப்பும் அணியுங்கள். மாணவர் அருகில் இருக்கும்போது இதில் சலுகையே இல்லை.

கெட்டுப்போன பிரதிகளை மாணவரிடமிருந்து ஒளிக்காதீர்கள். முடிந்த படத்தைப் பார்த்து அவர்கள் வியப்பார்கள். எந்தக் கோடு எப்போது வந்தது, எது சுரண்டி எடுக்கப்பட்டது என்பதைச் சோதனைப் பிரதிகளை வரிசையாகப் பரப்பினால்தான் கற்பார்கள்.

இருபது பிரதி என்று பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டபின் இருபத்தொன்றாவதை அச்சிடாதீர்கள்.