புதுப் பட்டாளத்தைப் பழசாக்க அக்காவின் டிப்ஸ்

போட்டோ வந்தது தம்பி. பத்து வார்ஹாமர் ஸ்பேஸ் மரீன் வீரர்களும் துணிக்கடை வாசல் பொம்மை மாதிரி பளபளவென்று நிற்கிறார்கள். நாலு வருஷம் போர்க்களத்தில் கிடந்து வந்தவர்களாகத் தெரிய வேண்டும் என்கிறாய். செய்யலாம். ஆனால் சுத்தமாகப் பூசுவதைவிட அழுக்காகப் பூசத்தான் யோசனை அதிகம் வேண்டும்.

முதலில் நிறம். அல்ட்ராமரீன்ஸ் என்றால் நீலம், பிளட் ஏஞ்சல்ஸ் என்றால் சிவப்பு என்று இந்தப் பொம்மைகளை விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்காரர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். வார்ஹாமர் 40,000 கதைப்படி சாப்டர்கள் என்கிற இந்த மாதிரிப் படைப்பிரிவுகள் சுமார் ஆயிரம். பெயர் வைத்தது போக மீதி இடமெல்லாம் நம்முடையது. அந்த ஆசையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாசி பிடித்த குளத்துப் பச்சை வேண்டும் என்று மூன்று பாட்டிலைக் கலந்தேன். அஞ்சு பேருக்குப் பூசியதும் கலவை தீர்ந்துவிட்டது. மறுபடி கலந்தால் அந்தப் பச்சை வரவே இல்லை. அடுத்த அஞ்சு பேரும் வேறு ஊர்ப் பட்டாளமாக நின்றார்கள். கடைசியில் எல்லார் மேலும் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்கிற பழுப்பு வாஷை, அதாவது நீர்த்த பெயிண்டை, ஓடவிட்டுத்தான் இரண்டு கூட்டத்தையும் சொந்தக்காரர்கள் ஆக்கினேன்.

அதனால் அடி நிறம் பாட்டிலிலிருந்து நேராக வரட்டும். உன் கைவண்ணத்தை வாஷிலும் அழுக்கிலும் காட்டு. ஒரே ஒரு பொம்மையை முழுசாக முடித்துப் பார்த்து, எந்த பெயிண்ட், எதற்குப் பின் எது என்று நோட்டில் எழுதிய பிறகு மற்றவர்களைத் தொடு. உடம்புக்கு மங்கல் நிறம், ஒரு தோள்பட்டைக்கு மட்டும் வெளிர் நிறம், கண்ணாடிக் கண்ணுக்குச் சிவப்பு போதும். அந்தக் கண்ணை மட்டும் அழுக்காக்காதே. சுத்தமான இடம் ஒன்று இருந்தால்தான் மற்றது அழுக்கு என்று தெரியும்.

ப்ரைமர் ஸ்ப்ரேயை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு தடவை அடி. மழை நாளில் வேண்டவே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். மொட்டை மாடி உச்சி வெயிலும் ஆகாது. பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, பொம்மை உப்புக்காகிதம் மாதிரி சொரசொரக்கும்.

பெயிண்டில் தண்ணீர் சேர்த்து நீர்மோர் பதத்துக்குக் கொண்டு வா. கெட்டியாக ஒரு கோட்டைவிட மெல்லிசாக இரண்டு கோட் நல்லது. ஃபேன் காற்றில் பெயிண்ட் நிமிஷத்தில் காய்கிறதா? மூடியுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் போட்டு அதில் கலக்கு. அப்புறம், பிரஷ் கழுவும் டம்ளரைக் காபி டம்ளர் பக்கத்தில் வைக்காதே. எனக்கு அனுபவம் உண்டு.

இனி பழசாக்கும் வேலை. அதற்கு முன் கீழே போய் நம் வீட்டு கேட்டைப் பார்த்துவிட்டு வா. தாழ்ப்பாள் பக்கம் கை பட்டுப் பட்டு இரும்பு மின்னும். அடியில் மழைத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில் துரு. கீலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு. நடுவில் நிறம் மங்கியிருக்குமே தவிர ஒன்றும் உரிந்திருக்காது. பொம்மையிலும் அதே கணக்குத்தான். முழங்கால், தோள்பட்டை விளிம்பு, கைமுட்டி, துப்பாக்கி முனை இவைதான் அடிபடும். அக்குளில் யாருக்கும் பெயிண்ட் உரியாது.

பார்சலில் வருகிற ஃபோமைக் கிள்ளி எடு. கத்தரியால் வெட்டாதே, நேரான விளிம்பு வந்துவிடும். ரைனாக்ஸ் ஹைட் போன்ற கரும்பழுப்பில் தொட்டு, முதலில் பேப்பரில் ஒற்று. தாளிக்கும்போது கடுகு தெறித்த மாதிரி பொடிப் புள்ளிகள் விழ ஆரம்பித்ததும் பொம்மையின் விளிம்புகளில் மெல்ல ஒற்று. பிறகு கூர் நுனி பிரஷால், கொஞ்சம் பெரிய புள்ளிகளுக்குக் கீழ் விளிம்பில் மட்டும், அடி நிறத்தைவிட வெளிர்ந்த நிறத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு இழு. அதுவரை கறையாகத் தெரிந்த புள்ளி சட்டென்று பெயிண்ட் பெயர்ந்த பள்ளமாகத் தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நிமிஷம் இதுதான். புள்ளிக்குள் லெட்பெல்ச்சர் வெள்ளியை ஒரு துளி வைக்கலாம். பத்தில் இரண்டு புள்ளிக்கு வை, எல்லாவற்றுக்கும் வைக்காதே. நம்பர், சின்னம் ஒட்டுவதென்றால் இதற்கு முன்பே ஒட்டிவிடு. அதுவும் சேர்ந்து தேய வேண்டாமா?

"கதைப்படி கவசம் செராமைட் என்கிற பொருள், துருவே பிடிக்காது" என்று உன் நண்பன் யாராவது சண்டைக்கு வருவான். அவன் சொல்வது சரிதான். துருவைத் துப்பாக்கி, சங்கிலி, முதுகுப் பெட்டியின் புகைவாய் இவற்றோடு நிறுத்திக்கொள். ரைசா ரஸ்டை டிரை பிரஷ் பண்ணினால் போதும். டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, பிரஷில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போதுதான் பொம்மையில் தேய்க்க வேண்டும். ஒழுகல் கோடு போட்டால் பொம்மை நிற்கிற வாக்கில் மேலிருந்து கீழே இறங்கட்டும். வாஷ் அரைகுறையாகக் காயும்போது தொடாதே, தண்ணீர்க் கறை மாதிரி வளையம் விழும்.

ஹேர் ஸ்ப்ரே அடித்து மேல் பெயிண்டைச் சுரண்டுகிற வித்தை டேங்குக்குத்தான் சரி. இத்தனை சின்ன உடம்புக்கு வேண்டாம்.

காலில் சேறு பூசும்போது பலர் கோட்டை விடுவார்கள். அடித்தட்டில் செம்மண்ணைப் போட்டுவிட்டு பூட்ஸில் கரிசல் சேற்றை அப்பியிருப்பார்கள். அடித்தட்டில் என்ன மண்ணோ அதே நிறம் கணுக்காலில் ஏறி, முழங்காலுக்குள் மங்கிவிட வேண்டும்.

கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார். மேஜையில் அந்தத் தூரத்திலிருந்துதான் எல்லாரும் பார்க்கப்போகிறார்கள். அங்கிருந்து அழுக்கு தெரிந்தால் பிரஷைக் கீழே வை.

கடைசியாக மேட் வார்னிஷ். இதற்கும் மழை நாள் ஆகாது. காய்ந்ததும் கண்ணில் மட்டும் ஒரு பொட்டு கிளாஸ் வார்னிஷ் வை. இதையெல்லாம் அம்மா தூசி தட்டும் துணியோடு உன் ஷெல்ஃப் பக்கம் வருவதற்குள் முடித்துவிடு.