மணலுக்கும் ஒரு பாதை உண்டு

கடற்கரை தேய்கிறது என்றதும் கடல்மட்ட உயர்வையே நம்மில் பலரும் காரணம் காட்டுகிறோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால், நம் நாட்டில் பல இடங்களில் அதைவிட உடனடியான காரணம் ஒன்று உண்டு. மணல் வரும் வழியை மனிதன் அடைத்துவிட்டான்.

மணலுக்கு ஏது வழி என்று கேட்கலாம். அலை பெரும்பாலும் கரையை நோக்கிச் சாய்ந்தே வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது; இறங்கும்போது நீர் சரிவின் வழியே நேராகத் திரும்புகிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் கரையோரமாகச் சிறிது நகர்கிறது. ஓராண்டுக் கணக்கைப் பார்த்தால், கரையை ஒட்டி ஒரு மணல் ஆறே ஓடுகிறது எனலாம். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் மணல் அதற்கு வரவு.

கிழக்குக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில், பெரிய அலைகள் மணலைப் பறித்துச் சற்றுத் தொலைவில் கடலடியில் மேடாகக் குவிக்கின்றன. காற்று தணிந்ததும் சிற்றலைகள் அதைத் திரும்பக் கொண்டுவருகின்றன. ஆகவே, டிசம்பரில் குறுகிய கரையைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஜூனிலும் திரும்பாத மணலே உண்மையான இழப்பு.

கோலத் திரங்கானு இதற்கு நல்ல சான்று. அங்குள்ள சுல்தான் மாமுட் விமான நிலையத்தின் ஓடுபாதை 2008ஆம் ஆண்டையொட்டிக் கடலுக்குள் நீட்டப்பட்டது. கரையோரம் நகர்ந்த மணலுக்கு அது குறுக்குச் சுவராயிற்று. அதன் வடபுறத்தில் உள்ள தோக் ஜெம்பால் பகுதியில் அரிப்பு கடுமையானது. கரையோரச் சாலையையும் அலை விட்டுவைக்கவில்லை. பாறைகளும் அலைத்தடுப்புகளும் போடப்பட்டன. அவற்றின் பின்னால் கரை காப்பாற்றப்பட்டது. ஆனால் அரிப்பு மேலும் வடக்கே இருந்த கம்பங்களை நோக்கி நகர்ந்தது. கல்லைக் கொட்டி மணலை உண்டாக்க முடியாது அல்லவா? ஓரிடத்தில் மணலைப் பிடித்து வைத்தால், அடுத்த கம்பத்துக்கு அது போய்ச் சேராது. செங்குத்தான சுவர் கட்டினாலோ, மோதித் திரும்பும் அலை சுவரின் அடி மணலையே தோண்டிவிடும். சாலை பிழைக்கும், கடற்கரை பிழைக்காது.

மேற்குக் கரையின் கதை வேறு. அங்குப் பல இடங்களில் மணல் இல்லை, சேறுதான். அதைக் காப்பது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பர். கண்டல் என்று சங்க இலக்கிய நெய்தல் பாடல்கள் குறிப்பதும் இவ்வகை மரத்தைத்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இம்மரங்களை நடும் அரசுத் திட்டம் தொடங்கியது. நட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்கெனவே அரிக்கப்பட்ட சேற்றுப்பரப்பு தாழ்ந்திருக்கும்; நீர் அதிக நேரம் நிற்கும்; அலை கன்றுகளைப் பிடுங்கும்; எஞ்சிய தண்டுகளில் கொட்டலசு ஒட்டி வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் சிலாங்கூரின் சுங்கை ஹாஜி டோரானியில் முதலில் அலைத்தடுப்பு அமைத்து, அதன் பின்னால் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். என் கருத்தில் இந்த வரிசைமுறையே சரி. தன்னார்வலர்களைத் திரட்டி ஒருநாள் கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்வது (நம் பல்கலைக்கழகங்களிலும் இது நடப்பதுதான்) கடலுக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

புள்ளிவிவரத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1985இல் நிறைவுற்ற தேசிய ஆய்வு, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிக்கப்படுவதாகக் கூறியது. 2015ஆம் ஆண்டு ஆய்வில் அது 15 விழுக்காடு. பாதியாகிவிட்டதே என்று மகிழ வேண்டாம். இரண்டாவது ஆய்வு கணக்கில் கொண்ட கரையின் நீளம் 8,800 கிலோமீட்டருக்கும் மேல். பெருக்கிப் பாருங்கள்: அன்று சுமார் 1,400 கிலோமீட்டர், பின்னர் 1,300க்கும் மேல்.

மிகவும் மலிவான வழி, கரையை விட்டு விலகிக் கட்டுவதே. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி, மணற்கரையில் 60 மீட்டரும் சேற்றுக்கரையில் 400 மீட்டரும் இடைவெளி கேட்கிறது. புதிதாகக் கட்டுவோருக்கு இது பொருந்தும். அந்த 60 மீட்டருக்குள் பல தலைமுறையாக வாழும் மீனவர்களுக்கோ, வீட்டின் முன் கல் கொட்டுவது அல்லது வேறிடம் பெயர்வது என்னும் இரண்டே வழிகள்தாம் மிஞ்சுகின்றன. கல் கொட்டினால், அடுத்த கம்பத்தாருக்கும் அதே கேள்வி வந்து சேரும்.