இலக்கங்கள் போதவில்லை!

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை எடைபோட இரண்டு தசம இடங்கள் போதும். எல்லாக் கணக்குகளுக்கும் அது போதுமா?

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன், 'பை' எனும் எண்ணின் மதிப்பைக் காண உதவும் தொடர் ஒன்றை 1914இல் வெளியிட்டார். அதன் முதல் உறுப்பே 6 தசம இடங்களைச் சரியாகத் தரும். இரண்டாவதைச் சேர்த்தால் 15 இடங்கள். மூன்றாவதையும் சேர்த்தால் 23 இடங்கள்.

இங்குதான் கணினி தடுமாறுகிறது. பொதுவாக அது ஒரு தசம எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களையே வைத்துக்கொள்ளும். மூன்றாவது உறுப்பு தரும் புதிய இலக்கங்களுக்கு அங்கே இடமில்லை.

இக்குறையைப் போக்குவது 'எம்பிமேத்' எனும் இலவச நிரல் தொகுப்பு. பைத்தான் மொழி உள்ள கணினியில் 'பிப் இன்ஸ்டால் எம்பிமேத்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால், அது இணையத்திலிருந்து இறங்கி நிறுவப்படும். பிறகு, எத்தனை இலக்கங்கள் வேண்டுமென நாமே குறிப்பிடலாம். ஆனால், 0.1 போன்ற எண்களை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். இல்லையேல், துல்லியம் குறைந்த எண்ணே உள்ளே செல்லும். அந்தப் பிழை விடை வரை தொடரும்.

1985இல் அமெரிக்கரான பில் கோஸ்பர், இராமானுஜனின் அதே தொடரைக் கொண்டு 'பை'யின் 17 மில்லியன் இலக்கங்களைக் கணித்தார். தாளில் பிறந்த தொடரின் ஆற்றல், நீண்ட எண்களைக் கையாளக் கற்ற கணினியில் வெளிப்பட்டது.