கினிப் பன்றிக்கு இல்லம் அமைக்கும் முறை

பிராணியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அதற்கு இடம் தேடுவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. நாய், பூனை போன்றவை இதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். தமக்கு வேண்டிய நிழலையும் நீரையும் தாமே நாடிச் செல்லும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. கூட்டில் வாழும் கினிப் பன்றிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூடு எங்கே வைக்கப்படுகிறதோ அங்கேதான் அதன் வெயிலும் நிழலும். தட்டில் எது இடப்படுகிறதோ அதுவே அதன் ஆகாரம். ஆகவே இப்பிராணியை முதன்முறையாக வளர்க்க விரும்புவோர் வீட்டை முதலில் ஆயத்தம் செய்து, பிறகே பிராணியை வாங்குதல் வேண்டும். ஆயத்தத்தில் நேரும் பிழைக்குப் பல சமயங்களில் பிராணியின் உயிரே விலையாகிவிடுகிறது.

பிராணியின் இயல்பு

பெயரில் பன்றி என்று இருப்பினும் இது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறிக்கும் பிராணியாகும். தமிழில் இதனைச் சீமைப் பெருச்சாளி என்றும் கூறுவர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதிகளில், இன்றைய பெரு, பொலிவியா முதலிய நாடுகள் அமைந்துள்ள இடங்களில் வாழ்ந்த மக்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காக வீட்டுப் பிராணியாக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றிய பின்னர் இது ஐரோப்பாவை அடைந்தது. பிராணிகளின் உடல் வெப்பத்தை அளக்க லவாசியேயும் லாப்லாஸும் நிகழ்த்தி 1783-இல் வெளியிட்ட ஆய்வில் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைக்கப்பட்டது இப்பிராணியே. அது முதல் ஆய்வுக்கூடங்களில் இது நீங்கா இடம் பெற்றது.

வளர்ந்த பிராணியின் எடை பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் உயிர் வாழும். இதன் முன்னோரின் வாழ்க்கையில் மூன்று கூறுகள் முக்கியமானவை. ஒன்று, மலைநாட்டுக் குளிர்ச்சி. இரண்டு, இடைவிடாத புல் மேய்ச்சல். மூன்று, கூட்டமாக வாழ்ந்து, ஆபத்துக் காலத்தில் ஓடி ஒளிந்துகொள்ளும் இயல்பு. எத்தனை தலைமுறைகள் மனிதனோடு வாழ்ந்திருந்தும் இம்மூன்றும் மாறவில்லை. இல்லத்தின் அமைப்பு இவற்றையே அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும்.

கூட்டின் அமைப்பு

கடைகளில் விற்கப்படும் சிறு கூண்டுகள் பெரும்பாலும் இப்பிராணிக்குப் போதா. இது உயரத் தாவுவதோ ஏறுவதோ அரிது. தரையிலேயே ஓடித் திரியும். ஆகவே உயரத்தைக் காட்டிலும் தரைப்பரப்பே முக்கியம். இரண்டு பிராணிகளுக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கூட்டைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம்; இடம் இருப்பின் இன்னும் பெரிதாக அமைத்தல் நன்று. சுற்றுச் சுவர் 35 அல்லது 40 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். பூனை, காகம், எலி, பாம்பு ஆகியவை நம் நாட்டு வீடுகளை எளிதில் எட்டக்கூடியவையாதலால், மேலே இறுக மூடும் கம்பிவலை மூடி அவசியமாகும்.

மேலே வலை நன்று; அடியில் வலை தீங்கு. கழிவு கீழே விழுந்துவிடும் என்று கருதிக் கம்பிவலைத் தரை அமைப்போர் உண்டு. இப்பிராணியின் உள்ளங்காலில் மயிர் இல்லை. கம்பியின் மீது நாள்தோறும் நடப்பதால் பாதம் புண்ணாகிச் சீழ் பிடித்து, நோய் எலும்பு வரை செல்லக்கூடும். எனவே தரை சமமான, கெட்டியான பரப்பாக இருக்க வேண்டும். அதன் மீது செய்தித்தாள்களைப் பரப்பி, மேலே பழைய பருத்தித் துணியையோ தூசியற்ற காய்ந்த புல்லையோ இடலாம். தேவதாரு, பைன் முதலிய மணமுள்ள மரங்களின் சீவலும், நுண்ணிய மரத்தூளும் சுவாச உறுப்புகளுக்குக் கேடு விளைவிப்பவை. ஈரமான பகுதியை நாள்தோறும் அகற்றி, வாரம் ஒருமுறை கூடு முழுவதையும் கழுவி உலர்த்துதல் வேண்டும். சிறுநீரில் இருந்து எழும் அமோனியா வாயு தேங்கினால் நுரையீரல் நோய் எளிதில் பற்றும்.

ஒளிந்துகொள்ள இடமற்ற கினிப் பன்றி எந்நேரமும் அச்சத்திலேயே வாழும். ஒவ்வொரு பிராணிக்கும் தனித்தனியே ஓர் ஒளிவிடம் தேவை. அதற்கு இரண்டு வாயில்கள் இருத்தல் நலம். ஒன்றேயாயின், வலிய பிராணி வாயிலை மறித்துக்கொண்டு எளிய பிராணியைத் துன்புறுத்தக்கூடும். இருபுறமும் திறந்த அகன்ற மண்குழாய் இதற்கு மிகப் பொருத்தமானது. விலை குறைவு, கழுவ எளிது, கோடையில் குளிர்ச்சியும் தரும். வெள்ளெலிகளுக்கு வைக்கப்படும் சுழல் சக்கரத்தை இதற்கு வைத்தல் கூடாது. முதுகெலும்புக்கு ஊறு நேரும்.

உஷ்ணமும் இடத்தேர்வும்

இப்பிராணிக்கு ஏற்ற உஷ்ணநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையாகும். நம் நாட்டுச் சமவெளிகளிலோ கோடையில் 40 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறுகிறது. வியர்வையினால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் கினிப் பன்றிக்கு இல்லை. உடலை அடர்ந்த மயிர் மூடியிருப்பதால், அறையின் வெப்பம் 30 டிகிரியை நெருங்கும்போதே அபாயம் தொடங்குகிறது. மேற்கு வெயில் படும் தாழ்வாரம், மொட்டை மாடி, தகரக் கூரையின் கீழ் உள்ள இடம், சமையலறை ஆகியவை கூடு வைக்கத் தகுதியற்றவை. வீட்டினுள்ளே, தரைத்தளத்தில், நேர் வெயில் படாததும் காற்றோட்டம் உள்ளதுமான அறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பிராணியை வாங்குவதற்கு முன் அவ்வறையில் ஓர் உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொள்வது நல்ல முறையாகும். கோடையில் அவ்வறையைக் குளிர்விக்க வழியில்லை எனில் இப்பிராணியை வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே அறிவுடைமை.

குளிர்விக்கும் வழி ஊருக்கு ஊர் வேறுபடும். டில்லி, நாகபுரி போன்ற ஊர்களில் கோடைக்காற்று வறண்டது. நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் நீராவியால் குளிர்விக்கும் சாதனங்களும் அங்கே நன்கு பயன்படும். சென்னை, மும்பாய், கல்கத்தா போன்ற இடங்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் அவை அவ்வளவாகப் பயன் தாரா. மின்விசிறியை மட்டும் நம்புவதும் தவறு. மனிதன் விசிறியின் கீழ்க் குளிர்ச்சி பெறுவது வியர்வை ஆவியாவதாலேயே. வியர்க்காத பிராணிக்கு அந்த நன்மை கிட்டாது. உறைய வைத்த நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூட்டின் ஒரு மூலையில் வைப்பதும், படுத்துக்கொள்ள வழவழப்பான ஒரு கல் பலகை இடுவதும் எல்லா ஊர்களுக்கும் ஏற்றவை. பிராணி உடலை நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயில் நீர் ஒழுக்கினால் வெப்பத் தாக்குதல் என்று அறிந்து, உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, செவிகளையும் பாதங்களையும் சாதாரண நீரால் நனைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் ஆகாது.

வட இந்தியாவின் குளிர்காலத்தில் கூட்டின் மூன்று பக்கங்களைத் தடித்த துணியால் மறைத்து, காய்ந்த புல்லை மிகுதியாக இட்டால் போதும். கரியடுப்பைக் கூட்டருகே வைத்தல் அபாயகரமானது.

ஆகாரமும் வைட்டமின் ‘சி’யும்

இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கரடுமுரடான புல்லை ஓயாது மெல்வதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. குடலும் நார்ப்பொருள் இடைவிடாது செல்வதாலேயே இயங்குகிறது. ஆகவே காய்ந்த புல் எந்நேரமும் குறைவின்றிக் கூட்டில் இருக்க வேண்டும். நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது. அதில் சத்து குறைவு, கூரிய முனை கண்ணில் குத்தவும் கூடும். பூச்சிமருந்து தெளிக்கப்படாத அருகம்புல், கினியாப்புல் ஆகியவற்றைப் பசுமையாகவும் நிழலில் உலர்த்தியும் கொடுக்கலாம். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; வளரும் குட்டிகளுக்கும் கருவுற்றவற்றுக்கும் அது ஏற்றது; வளர்ந்த பிராணிக்கு நாள்தோறும் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் உண்டாகலாம்.

1907-இல் நார்வே நாட்டு விஞ்ஞானிகளான ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்போர் வேறொரு நோயை ஆராயும் பொருட்டுக் கினிப் பன்றிகளுக்குத் தானியங்களையே ஆகாரமாகக் கொடுத்து வந்தனர். எதிர்பாராத வகையில் அவற்றுக்கு, கடற்பயணிகளை முன்னாட்களில் மாய்த்து வந்த ஸ்கர்வி நோய் கண்டது. முட்டைக்கோசு போன்ற பசிய உணவுகள் அந்நோயைத் தடுத்தன. பெரும்பாலான பிராணிகள் வைட்டமின் ‘சி’யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன, அதற்குரிய நொதி மனிதனுக்கும் கினிப் பன்றிக்கும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ஸென்ட்-ஜார்ஜி தாம் பிரித்தெடுத்த பொருள் வைட்டமின் ‘சி’யே என்று நிறுவியதும் இப்பிராணியைக் கொண்டுதான், 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதகுலம் இவ்வறிவைப் பெற உயிர் கொடுத்த பிராணிக்கே, அவ்வறிவு பரவிய பின்னும் தானியமும் ரொட்டியும் மட்டும் இடப்படுகின்றன. அவ்வாறு செய்யும் இல்லம் 1907-ஆம் ஆண்டின் ஆய்வை அறியாமலே மீண்டும் நிகழ்த்துகிறது.

உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ தேவை. 100 கிராம் கொய்யாப் பழத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உள்ளது. 10 கிராம் எடையுள்ள சிறு துண்டே ஒரு நாளைய தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்துவிடும். பழத்தில் சர்க்கரை இருப்பதால் அளவு மீறலாகாது. குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லித் தழையும் தினசரி உணவுக்கு ஏற்றவை. வைட்டமின் மருந்தைக் குடிநீரில் கலப்பது பயனற்றது. நீரில் அது விரைவில் சிதைந்துவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, அரளி, சோறு, பால், இனிப்பு ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். குடிநீர் நாள்தோறும் மாற்றப்பட வேண்டும். கவிழாத கனமான மண்சட்டியோடு, ஒரு நீர்ப் புட்டியையும் பொருத்துதல் நலம்.

துணையும் இனப்பெருக்கமும்

தனியே வைக்கப்பட்ட கினிப் பன்றி சோர்வுறும். மனிதரின் அன்பு அதன் இனத்தின் துணைக்கு ஈடாகாது. முதன்முறையாக வளர்ப்போர் இரண்டு பெண் பிராணிகளை வைத்துக்கொள்வது எளிது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் இரண்டு மாதங்களை ஒட்டிய காலத்தில் குட்டிகள் பிறக்கும். பெண் குட்டிகள் பிறந்த ஐந்து வாரங்களுக்குள்ளேயே கருவுறவும் கூடும். மேலும், ஏழு மாத வயதுக்குப் பின் முதன்முறை கருவுறும் பெண் பிராணிக்கு இடுப்பெலும்பு விரிந்துகொடாமல் பிரசவத்தில் மரணம் நேரலாம். ஆகவே கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பாது, கால்நடை மருத்துவரைக் கொண்டு பாலினத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். முயலோடு ஒரே கூட்டில் வைத்தலும் தகாது. முயலுக்குத் தீங்கின்றி அதன் உடலில் தங்கும் ஒரு வகைக் கிருமி கினிப் பன்றிக்குக் கடுமையான நுரையீரல் நோயை உண்டாக்கும்.

வந்த பின் கவனிக்க வேண்டியவை

முதல் இரண்டு, மூன்று நாட்கள் பிராணியைத் தூக்கி விளையாடாமல், புல்லும் நீரும் வைத்து அமைதியாக விட்டுவிட வேண்டும். பின்னர்க் குழந்தைகள் தரையில் அமர்ந்தபடியே, ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்னுடலின் கீழும் கொடுத்துத் தூக்கப் பழக்குதல் வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். தொட்ட பின் கைகளைச் சோப்பினால் கழுவுவது வழக்கமாக வேண்டும். படர்தாமரை இதனிடமிருந்து மனிதருக்குப் பற்றக்கூடும்.

பகைக்கு அஞ்சி வாழும் பிராணிகள் தம் நோயை மறைக்கும் இயல்புடையவை. எனவே வாரந்தோறும் ஒரே நாளில் சமையலறைத் தராசு போன்ற ஒரு தராசில் நிறுத்து எடையைக் குறித்து வைப்பதே நோயறியும் சிறந்த வழி. எடை தொடர்ந்து குறைதல், மூட்டு வீக்கம், நடக்கத் தயங்குதல், மயிர் சிலிர்த்து நிற்றல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அரை நாள் ஒன்றும் உண்ணாதிருப்பின் அதனை அவசர நிலையாகவே கருத வேண்டும். மனிதருக்குரிய மருந்துகளைத் தாமே கொடுப்பது பெரும்பிழை. எண்ணற்ற மனித உயிர்களைக் காத்த பெனிசிலின் இப்பிராணியின் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களை அழித்து, அதனைக் கொன்றுவிடும் என்பது 1940-களிலேயே அறியப்பட்ட உண்மை.

குழந்தைகளின் ஆர்வம் தணிந்த பின்னும் இதன் ஆயுள் எஞ்சியிருக்கும். அப்போது வயலிலோ பூங்காவிலோ கொண்டு விடுவது விடுதலை ஆகாது. இரை தேடவும் பகை வெல்லவும் அறியாத இவ்வீட்டுப் பிராணி சில நாட்களில் மாண்டுவிடும். ஆகவே வாங்குவதற்கு முன்னரே, கூடு, புல், கோடைக்கு ஏற்ற அறை, அருகிலுள்ள கால்நடை மருத்துவர், எட்டு ஆண்டுகள் வரை பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர் ஆகிய ஐந்தும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஐந்தும் அமைந்த வீட்டில், புல் கட்டின் சலசலப்பைக் கேட்டதும் கூட்டிலிருந்து எழும் கீச்சொலி, ஆயத்தம் சரியாக அமைந்தது என்பதற்கு நாள்தோறும் கிடைக்கும் சான்றாகும்.