நம் ஊர்த் தவளை, அந்தமானின் பகை

முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் எழுமுன் வயல்களும் குட்டைகளும் இருந்தன. மழை கொட்டிய இரவுகளில் அக்குட்டைகளிலிருந்து எழுந்த பெருங்குரல் காளைத்தவளையினுடையது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை எலுமிச்சை நிறமடைந்து, தொண்டையின் இருபுறமும் நீலப்பைகள் புடைக்கக் கத்தும். பழைய பாடநூல்களில் ராணா டைக்ரினா என்றும், இன்று ஹோப்லோபாட்ராகஸ் டைகரினஸ் என்றும் வழங்கும் இத்தவளையை அறுத்துப் பார்த்துத்தான் விலங்கியல் மாணவர் பல தலைமுறையினர் பட்டம் பெற்றனர். இதன் கால்கள் வெளிநாட்டு விருந்து மேசைகளுக்கும் ஏற்றுமதியாயின. தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற கவலை வலுத்ததால் 1987-இல் அரசு அவ்வாணிபத்தைத் தடை செய்தது.

இங்கே நாம் காக்க விரும்பும் இவ்வுயிர், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டரில் உள்ள அந்தமானில் வேண்டாத விருந்தாளி. அத்தீவுகளில் இது இயற்கையாக வாழ்ந்ததில்லை. பெருநிலத்திலிருந்து குளங்களில் விடுவதற்காகக் கொண்டுபோன மீன்குஞ்சுகளோடு இதன் தலைப்பிரட்டைகளும் கலந்து சென்றன. நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீசி ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, மக்கள் வாழும் எட்டுத் தீவுகளில் ஆறில் இது பரவியிருந்தது. வளர்ந்த தவளை பூச்சிகளோடு நிற்பதில்லை. பல்லி, சிறு தவளை முதலிய முதுகெலும்பு உயிர்களையும் விழுங்குகிறது.

இதைவிடக் கொடியது தலைப்பிரட்டைப் பருவம். தலைப்பிரட்டை என்றால் பாசி மேயும் சாது என்று நாம் எண்ணுகிறோம். இதன் தலைப்பிரட்டையோ ஊன் உண்பது. தன் இனத்தையும் விடாது. 2019-இல் வெளியான ஆய்வில், அந்தமானின் சொந்தத் தவளை இனங்கள் இரண்டின் தலைப்பிரட்டைகளை இவற்றோடு ஒரே நீரில் விட்டபோது, அவற்றுள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. முன்பின் அறியாத பகைவனிடமிருந்து எப்படி ஒளிவது?

அப்படியாயின் கட்டுப்படுத்துவது எவ்வாறு? முட்டைகளை அள்ளி எறியலாம் என்பதே முதலில் தோன்றும் வழி. ஒரு பெண் தவளை இடும் முட்டைகளோ ஆயிரக்கணக்கானவை. பாதியை அகற்றினால், எஞ்சியவை நெருக்கடி நீங்கி, நல்ல தீனி பெற்றுச் செழித்து வளரும். எனவே முட்டை இடவிருக்கும் வளர்ந்த தவளைகளையும் மழை இரவுகளில், அவை குரலால் தம்மைக் காட்டிக்கொடுக்கும் நேரத்தில் பிடித்தாக வேண்டும். வற்றடிக்கக்கூடிய மீன்குளங்களை, தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறுமுன் வற்றடிப்பதும் பயன் தரும். நஞ்சு தெளிப்பது கூடாது. காக்க நினைக்கும் சொந்தத் தவளைகளே முதலில் மடியும்.

கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தேரைகள் சுமார் நூறுதான். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று கோடிக்கணக்கில் உள்ளன. அங்கே தேரையின் நஞ்சையே இரையாக வைத்து அதன் தலைப்பிரட்டைகளைப் பொறியில் பிடிக்கிறார்கள். நல்ல உத்திதான், ஆனாலும் ஒரு கண்டத்தையே பொறி வைத்துத் துடைக்க இயலுமா?

தீவுகளுக்கு ஒரு வசதி உண்டு: வாயில்கள் சில மட்டுமே. மீன்குஞ்சுப் பைகளைக் கப்பலில் ஏற்றுமுன் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் போதும். உருண்டைத் தலையும் ஒற்றை வாலுமாக, பக்கத் துடுப்பின்றி நீந்தும் தலைப்பிரட்டையைப் பள்ளிச் சிறுவனும் இனங்காண்பான். இச்சோதனை சென்னைத் துறைமுகத்தில் மட்டும் நடந்தால் போதாது. அந்தமானின் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கும், அங்கிருந்து நிக்கோபாருக்கும் புறப்படும் படகுகளிலும் நடைபெற வேண்டும்.