தொண்ணூற்றிரண்டே பாதி வழி
(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் கணிதம்)

ஒரு விளையாட்டு ஒருவனை ஏழு ஆண்டுகள் பிடித்து வைத்திருக்குமானால், அதைக் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். அல்லது அதன் அமைப்பை ஆராய்ந்து பார்க்கலாம். கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் இரண்டாவது வழியையே நான் இங்கு மேற்கொள்கிறேன்.

'ரூன்ஸ்கேப்' என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர், தம் சகோதரர் பால் கோவருடன் உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட இணைய விளையாட்டு. அதன் 2007ஆம் ஆண்டு வடிவமே 2013 பிப்ரவரியில் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. 2018 அக்டோபரில் அது கைப்பேசிக்கு வந்த பிறகே, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு எட்டியது. எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லை.

அது அரக்கரும் மந்திரவாதிகளும் உலவும் கற்பனை உலகம். ஆயினும் வாள் வீசுவது மட்டுமே அங்கு வேலையன்று. மீன் பிடித்தல், மரம் வெட்டுதல், சமையல், கைவினை எல்லாமே திறன்களாகக் கணக்கிடப்படுகின்றன. 2025 நவம்பரில் சேர்ந்த கப்பலோட்டம் 24ஆவது திறன். விளையாடுவோர் வாக்களித்து ஏற்ற பின்னரே இத்தகைய மாற்றங்கள் வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

படிகளின் கணக்கு

ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 99 வரை படிகள். முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற 83 புள்ளிகள் போதும். 50ஆம் படிக்கு மொத்தம் 1,01,333 புள்ளிகள் வேண்டும். 92ஆம் படிக்கு 65,17,253. 99ஆம் படிக்கு 1,30,34,431. அதாவது 92ஆம் படியில் நிற்பவன் பாதி வழிதான் வந்திருக்கிறான்! மேற்படிகளில் ஏழு படிக்கு ஒரு முறை தேவை இரட்டிப்பாகிறது. படிக்குப் படி ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. நாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடரும், கடைத்தெருக் கூட்டுவட்டியும் இதுவேதான்.

ஆளி நாரைத் திரித்து ஒரு வில் நாண் செய்தால் கைவினையில் 15 புள்ளிகள். அதை மட்டுமே செய்து 99ஐ எட்ட ஏறத்தாழ 8,69,000 நாண்கள் திரிக்க வேண்டும். ஆனால் படி உயர உயர, அதிகப் புள்ளி தரும் வேலைகள் திறக்கின்றன. ஆகவே புள்ளி இரட்டிக்கும்போது நேரமும் இரட்டிப்பதில்லை. தொலைவு மலைக்க வைக்கும். கையிலுள்ள வேலையோ முடியக்கூடியதாகவே இருக்கும். ஆர்வம் நீடிப்பதன் இரகசியம் இதுவே என்பது என் கருத்து.

இரு தறிகள்

அவ்விளையாட்டில் தறியும் உண்டு. நான்கு கம்பளி உருண்டைகளைக் கொடுத்தால் ஒரு துண்டுத் துணியும் 12 புள்ளிகளும் கிடைக்கும். அப்பாவிடம் காட்டினேன். "பாவு எங்கேடா? ஊடை எங்கே?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. அப்பா 34 ஆண்டுகளாகத் தறியில் அமர்கிறார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். இரு நிற இழைகளும் ஒன்றையொன்று பற்றும் இடத்தில் கை தவறினால் சேலை முழுதும் பாழ். விளையாட்டில் ஒருவன் படி அவன் பெயரோடு எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை ஏறினால் இறங்காது. தறியிலோ கண் மங்கினால் வேகம் குறைகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சேலையின் பெயரைக் காக்கிறது. விருது பெறும் சிலர் நீங்கலாக, நெய்தவரின் படியை எவரும் எழுதி வைப்பதில்லை.

அக்கா ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றபின், எங்கள் வீட்டில் கோர்வைக்கு ஆள் இல்லை. ஞாயிறுகளில் நான் அமர்கிறேன். நான் நெசவாளனாவேனா என்று இன்று உறுதி கூற இயலாது. கூலி அதற்கு இடம் தருமா என்பதும் ஐயமே. ஆனால் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, பாவு பிணைப்பது முதல் முந்தானைக்குப் பேட்னி போடுவது வரை, எதை முதலில் கற்க வேண்டும், எதற்கு எத்தனை காலம் ஆகும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை பதினேழு படிகள் எழுதியாயிற்று. "இன்னும் பாதிகூட வரவில்லை" என்கிறார் அப்பா.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தோர் பலர். தச்சர், உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உளர். விளையாட்டின் படிகளை நாம் மனப்பாடமாக அறிவோம். அவரவர் வீட்டுத் தொழிலின் படிகளையும், சொல்லித் தர ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக!